அண்மையில் வாசித்த நூலும், அதை வாசிக்க அமர்ந்த வீட்டு மூலையும்

முற்றத்து வாசகி (புதுச்சேரி) கேட்கிறார்:

வாசக நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சில மாதங்களாக என் வாசிப்பு முழுவதும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைச் சுற்றியே அமைந்துவிட்டது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலை மறுபடியும் எடுத்தேன். அதை முடித்த கையோடு, 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' நாவலையும் வாசித்து முடித்தேன். அதன்பின், இவ்விரு நாவல்களுக்கும் ஊற்றுக்கண்ணாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் தொடாமல் இருக்க மனம் இடங்கொடுக்கவில்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக விளங்கிய பிள்ளையவர்கள் 1736இல் எழுதத் தொடங்கிய அந்தக் குறிப்புகள், அவர் மறைந்த 1761ஆம் ஆண்டு வரை வருகின்றன. துறைக்குக் கப்பல் வந்த செய்தியும், கோட்டையில் பீரங்கி முழங்கியதும், சரக்கு விலையும், ஆளுநரின் மனைவியார் மீது பிள்ளைக்கு இருந்த மனக்குறையும், ஊர்ப் பேச்சும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. யார் வந்தார், என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று அந்தந்த நாளின் சூடு ஆறுவதற்குள் எழுதிவைத்திருப்பதால், வரலாறு வாசிக்கிறோம் என்ற நினைவே எழுவதில்லை.

என்னை அதில் மிகவும் ஈர்த்தவை போர்களும் முற்றுகைகளும் அல்ல. பிள்ளையவர்கள் தம் பாக்குக் கிடங்கில் அமர்ந்திருக்கும் இடங்களே என் நெஞ்சில் நின்றன. நாட்குறிப்பில் அந்தக் கிடங்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுநர் மாளிகைக்குப் போய்வருகிறார், கிடங்கில் வந்து அமர்கிறார். வணிகர்களும் காரியம் ஆக வேண்டியவர்களும் அவரை அங்கேயே வந்து பார்க்கிறார்கள். ஒரு நகரத்தின் எத்தனையோ காரியங்கள் பாக்கு மூட்டைகளுக்கு நடுவே பேசி முடிக்கப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணியபோது, மனிதர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் இடம் அவர்கள் பேச்சையும் எழுத்தையும் எவ்வளவு தீர்மானிக்கிறது என்று தோன்றியது.

நான் இவற்றை வாசித்த இடத்தையும் சொல்கிறேன். எங்களுடையது தமிழ்ப் பகுதியில் உள்ள பழைய வீடு. வீதியை ஒட்டித் திண்ணை, அதைக் கடந்தால் நடை, அப்புறம் முற்றம், முற்றத்தின் நாற்புறமும் தாழ்வாரம், பின்னால் கொல்லை என்று நீளமாகப் போகும். தாழ்வாரத்தில் மேற்குப் பக்கத்துத் தேக்குத் தூணின் அடிதான் என் இடம். பிற்பகலில் எதிர்ப்பக்கம் முழுவதும் வெயில் விழுந்துகிடக்கும்போது இங்கே நிழல் இருக்கும். புத்தகத்தில் கண்கூசாத வெளிச்சம் மட்டும் வந்து விழும். தரை சிவப்புச் சிமெண்ட். அந்தத் தூணடியில் மட்டும் தரையின் நிறம் கறுத்து, கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு மழமழவென்று தேய்ந்திருக்கிறது. என் பாட்டியார் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்த இடம் அது. அங்கே அமர்ந்தால் வாசலில் யார் வருகிறார் என்பதும் தெரியும், அடுக்களையில் என்ன கொதிக்கிறது என்பதும் தெரியும். நாட்குறிப்பு போன்ற ஒரு நூலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனிமையில் வாசித்திருந்தால் இந்த அளவுக்கு உள்ளே போயிருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன். வீட்டில் நாலு பேர் நடமாடும் ஓசைக்கு நடுவில்தான் அந்தப் பழைய குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எனவே உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். அண்மையில் நீங்கள் ஈடுபட்டு வாசித்த நூல் எது? உங்கள் வீட்டில் உங்கள் மனத்துக்கு மிகவும் உகந்த இடம் எது? அந்த நூலை அந்த இடத்தில் வாசித்ததால் உங்களுக்கு ஏதேனும் புதிதாகப் புலப்பட்டதா? நூலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாமல், இடத்தையும் சற்று விரித்துச் சொன்னால் மகிழ்வேன்.

மஞ்சக்குப்பம் வாசகர் (கடலூர்):

அம்மா, வணக்கம். உங்கள் வினாவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இப்போது வாசித்து முடித்திருப்பது ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. அவர் 1934இல் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பத்தில்தான் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் ஒரு பெருமை. ஆயினும் நான் இந்த நாவலைத் தேடி எடுத்தது ஊர்ப்பற்றினால் அல்ல; ஒரு வீட்டையே மையமாக வைத்து எழுதப்பட்ட நாவல்களில் இதற்கு இணையாக எதையும் நான் வாசித்ததில்லை. வளர்ப்புத் தந்தை சபாபதிப் பிள்ளை மறைந்தபின், அவருடைய பூர்வீக வீட்டைத் தேடிக் கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து சேர்கிறான் ஹென்றி. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீடு அது. சொத்து என்றாலே வழக்கும் பகையும்தான் என்று எண்ணிப் பழகிய நமக்கு, உரிமை கொண்டாட வந்தவனும் விட்டுக்கொடுக்க வேண்டியவரும் ஒருவரையொருவர் அன்பினால் மிஞ்சப் பார்ப்பது முதலில் நம்ப முடியாததாகத்தான் இருக்கும். துரைக்கண்ணு, ஆசிரியர் தேவராஜன் ஆகியோருடன் பழகப் பழக, நம்பாமல் இருக்கவும் முடியாமல் போகிறது. அந்த வீடு திறக்கப்பட்டுச் செப்பனிடப்படும் பகுதிகளை நான் மிக மெதுவாக, ஒரு வரியையும் தாண்டாமல் வாசித்தேன். பூட்டிய வீடு ஒன்று மனிதக் கைபட்டு மறுபடியும் குடியிருக்கத் தக்கதாக மாறுவதை எழுத்தில் பார்ப்பது பெரிய நிறைவு.

எங்கள் வீட்டில் எனக்கு உகந்த இடம் திண்ணை. முன்பு வாசலின் இருபுறமும் இருந்தது. சாலை உயர்ந்துகொண்டே வந்ததாலும், இரு சக்கர வண்டிகளை ஏற்றி நிறுத்த வழி வேண்டியிருந்ததாலும் வலப்பக்கத் திண்ணையை எடுத்துவிட நேர்ந்தது. இடப்பக்கம் இருப்பதை இனி யார் கேட்டாலும் தருவதாக இல்லை. சுவரோரத்தில் தலைவைத்துப் படுக்கத் தோதாகச் சாய்வாகக் கட்டிய மேடு அதில் உண்டு. சுண்ணாம்பால் பூசி, வழவழப்பாகத் தேய்த்தது. காலை ஏழு மணி முதல் வெயில் ஏறும் வரை அதில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். போகிறவர்கள் நின்று, "என்ன சார், இன்றைக்கு என்ன புத்தகம்?" என்று கேட்பார்கள். பால் கொண்டுவருபவருக்கு நாவலின் கதையை அன்றன்று எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஹென்றி ஊருக்குள் வந்ததும் ஊரார் அவனைச் சுற்றிக்கொண்டு விசாரிக்கும் பகுதிகளை, தெருவைப் பார்த்தபடி இருக்கும் இந்த இடத்தில் வாசித்தது மிகப் பொருத்தமாக அமைந்தது.

ஒரு கருத்தில் மட்டும் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை முற்றத்தில் வாசிப்பதைவிடத் திண்ணையில் வாசிப்பதே அதன் இயல்புக்கு உகந்தது என்பது என் எண்ணம். அவருக்குச் செய்தி வெளியிலிருந்துதான் வருகிறது. அவருடைய பாக்குக் கிடங்கும் ஒரு வகையில் திண்ணைதானே? யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். ஆனால் வீட்டுக்குள் வந்ததாக ஆகாது.

அடுக்களைப் பலகை (இலாசுப்பேட்டை, புதுச்சேரி):

மூத்தவர்கள் இருவருக்கும் வணக்கம். முற்றத்தையும் திண்ணையையும் பற்றி நீங்கள் எழுதியவற்றை மிகவும் விரும்பி வாசித்தேன். ஆனால் எங்களைப் போன்ற பலருக்கு அவ்விரண்டும் வாய்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் தொலைக்காட்சி, படுக்கையறையில் மாமியார் ஓய்வெடுப்பார், மகனுக்குப் படிக்க ஓர் இடம் வேண்டும். எல்லாருக்கும் போக எனக்கென்று மிஞ்சியது சமையலறைதான். மிஞ்சியது என்று எழுதுகிறேனே தவிர, இன்றைக்கு அதை விட்டு எழுந்து வேறோர் அறைக்குப் போகச் சொன்னாலும் போக மாட்டேன்.

சமையல் மேடை முடியும் இடத்தில், சன்னலுக்குக் கீழே, உட்காரும் பலகை ஒன்றைப் போட்டிருக்கிறேன். அம்மா எனக்குக் கொடுத்த பலாமரப் பலகை. பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. அதில் அமர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தால் முகத்துக்கு நேரே காற்று வரும். குக்கரில் பருப்பு வேகும் நேரமும், இட்லிக் கொப்பரை ஆவி கட்டும் நேரமும், மாவு அரையும் நேரமும் என் வாசிப்பு நேரங்கள். நூலை நெஞ்சளவு உயரத்தில் தூக்கிப் பிடித்துத்தான் வாசிப்பேன். மடியில் வைத்தால் முந்தானையின் ஈரம் பட்டுவிடும். எல்லா நூல்களுக்கும் பழைய நாள்காட்டித் தாளால் உறை போட்டிருப்பதும் இதனால்தான். அந்த வழவழப்பான தாளில் எண்ணெய் விரல் பட்டாலும் துடைத்துவிடலாம்.

அண்மையில் நான் வாசித்தவற்றுள் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைச் சொல்ல வேண்டும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த காலத்தில், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலையும் ஜமுனாவின் கதை. குழாய்க்காகத் தெருவைத் தோண்டிப்போடுவதும், அடி குழாயை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவதும், யார் வீட்டில் எப்போது தண்ணீர் கொடுப்பார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வதும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. வாழ்வே வேண்டாம் என்ற முடிவுக்கு ஜமுனா போய்விட்ட நேரத்தில், டீச்சரம்மா தம் சொந்த வாழ்க்கையை எடுத்துச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறுதல் மொழி ஒன்றுகூட அதில் இல்லை. தாம் பட்டதைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்தப் பக்கங்களை வாசித்தபோது எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரமாகிவிட்டது. எழுந்து, குடங்களைப் பிடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அமர்ந்து மீதியை வாசித்தேன். அந்த இடைவெளி நாவலுக்கு எந்தக் குறையையும் செய்யவில்லை. ஜமுனாவுக்கும் அப்படித்தானே, துயரத்தின் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துவரத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவதாக, கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை. தம் வாழ்வின் பிற்பகுதியை எங்கள் இலாசுப்பேட்டையில் கழித்து, 2021இல் இங்கேயே மறைந்தவர் அவர். ஒரு வீட்டுக் கதவை ஆட்டி ஆட்டிப் பேருந்து விளையாட்டு விளையாடும் குழந்தைகள். அந்தக் கதவில் தீப்பெட்டிப் படம் ஒன்றை ஒட்டி மகிழ்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக ஒருநாள் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டின் ஒரு பகுதி என்பது மரமும் கீலும் மட்டும் அல்ல என்பதைச் சொல்வதற்கு ஒரு சொல்லைக்கூட அவர் தனியே செலவிடவில்லை. கடைசியில் அந்தக் குழந்தைகள் கதவைக் கண்டுபிடித்துத் தொட்டுத் தடவும் இடத்தை நான் என் மகனுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவன் எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தான்.

பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு' பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அதன் முதற்பகுதியான 'ஒருநாள் நிகழ்ச்சி' ஒரு குடும்பத் தலைவியின் நாளை விடியலுக்கு முன்பிருந்தே தொடங்கித் தொடர்ந்து சொல்கிறது. கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்தபோது தமிழின் ஓட்டத்தை மட்டுமே கேட்டேன். இப்போது இந்தப் பலகையில் அமர்ந்து வாசிக்கும்போது, அந்த ஒரே நாளுக்குள் எத்தனை வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பது என் தோள்களுக்கே தெரிகிறது. கவிஞர் அந்த உழைப்பைப் போற்றுகிறார். அதை நான் மதிக்கிறேன். ஆயினும் போற்றுதலோடு நின்றுவிடாமல், அந்த வேலைகளில் பாதியை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்றைய வாசகி கேட்பதும் நியாயமே. இது குறித்து உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

விருத்தாசலத்துப் பையன் (காலாப்பட்டு):

அக்கா எழுதியதை வாசித்தபின் எனக்கும் எழுதத் துணிவு வந்தது. நான் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறேன், விடுமுறைக்குத்தான் வீடு. எங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த இடம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே போனால் சுற்றிலும் முந்திரிக் கொல்லைகள் தெரியும்.

அங்கே அமர்ந்து நான் வாசித்தது எங்கள் மாவட்டத்து எழுத்தாளர் இமையத்தின் 'செல்லாத பணம்'. தீக்காயத்துடன் ஒரு பெண்ணைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தபின், வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோரின் நாள்கள்தான் நாவல். பெரும்பாலும் பேச்சாலேயே நகர்கிறது. எங்கள் வீட்டில் பேசும் அதே பேச்சு. அதை வீட்டுக்குள் வைத்து வாசிக்க என்னால் முடியவில்லை. கீழே அம்மா யாரிடமோ பேசும் குரல் கேட்கும்போதெல்லாம் நாவலுக்குள் இருக்கும் அம்மாவின் குரலோடு அது கலந்துவிட்டது. அதனால்தான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். சில நூல்களுக்கு வீட்டை விட்டுச் சற்று விலகியிருக்கும் இடம் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம்.

முற்றத்து வாசகி (புதுச்சேரி):

மூவருக்கும் என் நன்றி.

ஐயா, பாக்குக் கிடங்கும் திண்ணையே என்று நீங்கள் சொன்னது என்னை யோசிக்கவைத்துவிட்டது, ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்து சில பக்கங்களை வாசித்துப் பார்த்தேன். முற்றுகைக் காலத்துப் பதிவுகள் அங்கே நன்றாகவே கேட்டன. ஆனால் 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களுக்கு நான் தாழ்வாரத்துக்கே திரும்பிவிட்டேன். அவ்வளவு வேதனையை வீதியைப் பார்த்தபடி வாசிக்க முடியாது. பிள்ளையவர்கள் 1761 சனவரியில் மறைகிறார். அடுத்த சில நாள்களில் நகரம் ஆங்கிலேயரிடம் விழுகிறது. பின்னர் கோட்டையும் வீடுகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்படுகின்றன. நாட்குறிப்பில் வரும் வீடுகளில் பெரும்பாலானவை இன்று எழுத்தில் மட்டுமே நிற்கின்றன. கீழ்த்தளம் தமிழ் முறையில் மரத் தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் வெண்ணிறத் தூண்களோடும் அமைந்த அவருடைய மாளிகை மட்டும் அவர் பெயர் தாங்கிய வீதியில் எஞ்சியிருக்கிறது.

இலாசுப்பேட்டைச் சகோதரிக்கு: நீங்கள் கேட்டது நியாயமே, அதில் எனக்கு ஐயமில்லை. என் பாட்டியார் அமர்ந்த இடத்தில் அமர்ந்து நான் வாசிக்கிறேன் என்று பெருமையோடு எழுதினேன். அவர் அங்கே ஒருநாளும் புத்தகத்தோடு அமர்ந்ததில்லை என்பதும் உண்மை. அவருக்கு எழுத்துத் தெரியும். நேரம்தான் கிடைக்கவில்லை.

தம்பி, நீங்கள் சொன்ன நாவலை நான் பாதியில் நிறுத்திவைத்திருந்தேன். மாடிக்கு எடுத்துச் சென்று தொடரலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பரண் காவலர் (கடலூர் முதுநகர்):

இத்தனை பேரும் வாசிக்கும் இடத்தைச் சொன்னீர்கள். நான் நூல்கள் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு மிக நெருக்கமான இடம் பரண். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில், குனிந்து நகரும் உயரத்தில், மரப்பலகை பாவிய பரண். முன்பு அங்கே பித்தளை அண்டாக்களும் பழைய தொட்டிலும் இருந்தன. உப்பனாற்றுக்கு அருகில் குடியிருப்பவர்கள் நாங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோதும், 2015 மழையின்போதும் பட்ட பாட்டுக்குப் பிறகு, பாத்திரங்கள் கீழே வந்தன, நூல்கள் மேலே போயின. பாத்திரம் நனைந்தால் துடைத்துவைக்கலாம் அல்லவா?

ஏணியின் மேல்படியில் அமர்ந்து, பரணின் விளிம்பில் நூலை விரித்துவைத்து வாசிப்பதுதான் என் வழக்கம். அங்கே கட்டியிருக்கும் சிறு விளக்கின் வெளிச்சம் நூலின் மீது மட்டும் விழும். அண்மையில் அப்படி வாசித்தது புதுமைப்பித்தன் கதைகளை. 1906இல் அவர் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் என்பதை இங்கே பலரும் மறந்துவிடுகிறார்கள்; திருநெல்வேலிக்காரர் என்றே சொல்லிவிடுகிறார்கள். 'செல்லம்மாள்' கதையை மறுபடி வாசித்தேன். துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, சென்னையின் ஓரத்தில் ஒரு தனி வீடு. ஊருக்குப் போக வேண்டும் என்ற அந்த அம்மாளின் ஆசை கடைசிவரை நிறைவேறாமலேயே போகிறது. கணவர் அவருக்குச் செய்யும் பணிவிடைகள் ஒவ்வொன்றையும் பதற்றமே இல்லாமல் எழுதிச் செல்கிறார் புதுமைப்பித்தன். அடுப்பு மூட்டுவதும், கஞ்சி வைப்பதும், கதவைத் தட்டுவதும் அந்தக் கதையில் காதலின் வேறு பெயர்கள். இலாசுப்பேட்டை அம்மையார் கேட்டாரே, வீட்டு வேலையில் பாதியை யார் எடுத்துக்கொள்வது என்று. அதற்கு இந்தக் கதையில் ஒரு பதில் இருக்கிறது என்பேன். வேலை எது, அன்பு எது என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு கணவரை அவர் படைத்திருக்கிறார்.

இங்கே வாசிப்பவர்களில் பலர் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் என்பதால், நூல்களைக் காப்பதைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் ஐப்பசி பிறந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. உப்பும் சேர்ந்துகொள்வதால் தைப்புக் கம்பிகள் துருப்பிடித்துத் தாளைத் தின்கின்றன. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளிவைத்தாலே பூஞ்சணம் பெரும்பாலும் வராது. நூல்களை நெருக்கி அடுக்கக் கூடாது. இடையில் காற்று போக வேண்டும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையையும் வசம்புத் துண்டையும் துணியில் முடிந்துவைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்ததையே நானும் செய்துவருகிறேன். மழைக்காலம் முடிந்ததும் அத்தனை நூல்களையும் இறக்கி, நிழலில் விசிறிக் காற்றில் விரித்துவைத்துப் புரட்டிவிடுவேன். நேர் வெயிலில் காயவைத்தால் அட்டை வளைந்துவிடும், தாள் பொரிந்துவிடும். நனைந்துவிட்ட நூலாக இருந்தால், சில பக்கங்களுக்கு ஒன்றாக மையொற்றுத் தாளை இடையில் வைத்து, அது ஈரத்தை இழுத்தபின் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் நூல் பிழைத்துவிடும்.

மஞ்சக்குப்பம் வாசகர் (கடலூர்):

முதுநகர் நண்பரே, நாள்தோறும் நான் போய்வரும் வழியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, மகிழ்ச்சி. புதுமைப்பித்தன் பிறந்த ஊர், ஜெயகாந்தன் பிறந்த ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்தக் கடலூருக்குப் பாரதியும் வந்திருக்கிறார். பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைக் கடந்ததும் கைதுசெய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். புதுச்சேரியில் அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராசா கோயில் வீதி வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். குயிலையும் கண்ணனையும் பாடிய வீட்டுக்கும் அந்தச் சிறையறைக்கும் இடையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தொலைவுதான்.

இலாசுப்பேட்டை அம்மாவுக்கு: 'குடும்ப விளக்கு' முதற்பகுதியோடு நின்றுவிட வேண்டாம். ஐந்தாம் பகுதியான 'முதியோர் காதல்' வரை தொடர்ந்து வாசியுங்கள். உடல் தளர்ந்தபின், வேலைகள் எல்லாம் பிள்ளைகளிடம் போனபின், அந்த இருவருக்கும் இடையில் எஞ்சியிருப்பது என்ன என்பதை அங்கே காண்பீர்கள். என் துணைவியார் இருந்தவரை அந்தப் பகுதியை நாங்கள் இருவரும் மாறி மாறி வாசிப்போம்.

அடுக்களைப் பலகை (இலாசுப்பேட்டை, புதுச்சேரி):

ஐயா, மூத்தவர் சொல்வதைத் தட்ட மனமில்லை. 'முதியோர் காதல்' பகுதியை எடுத்து வாசித்துவிட்டேன். அவர்களுடைய அன்பின் முன்னால் என் கேள்வி சிறியதாகிவிடவில்லை, ஆனால் அதன் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்லலாம். முதுமையில் கிடைக்கும் அந்த ஓய்வான பேச்சு, நடுவயதிலும் நாளுக்கு ஒரு நாழிகை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றே எண்ணினேன். 'செல்லம்மாள்' கதையை என் கணவர் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்; அவரும் சமையலறையில்தான் அமர்ந்து வாசிக்கிறார், நான் மாவாட்டும்போது.

பரண் வைத்திருக்கும் ஐயாவிடம் ஓர் உதவி வேண்டும். பாரதியார் வீட்டுக்குச் சிறுமியாகப் போய்வந்த யதுகிரி அம்மாள் எழுதிய 'பாரதி நினைவுகள்' நூலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பரணில் அது இருந்தால் தெரிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலூர் வரும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன். நாள்காட்டித் தாளில் உறை போட்டுத்தான் திருப்பித் தருவேன்.